யாரு கை வச்சது?

என் மூத்தார் எந்த வண்டி வந்தாலும் முதலில் பானெட்டைத் திறக்கமாட்டார். வந்தவரையே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்லுவார். எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் பார்ப்பது வண்டியை அல்ல, வண்டிக்காரர் முகத்தை. நல்ல நேரம் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"யாரு கை வச்சது?"

அரியமங்கலத்தில் அவர் பட்டறைக்கு இரண்டாம் தடவை வருகிற எல்லாரும் இந்தக் கேள்விக்குப் பதிலைத் தயார் செய்துகொண்டுதான் வருவார்கள். எஞ்சின் தானாகக் கெடும் என்பதை அவர் ஒத்துக்கொண்டதே கிடையாது. தேய்மானம், பழசு, வெயில், மழை எதுவும் அவருக்குக் காரணம் ஆகாது. எங்கோ ஒருவர் ஒரு ஸ்க்ரூவைத் திருகியிருக்கவேண்டும், ஒரு கிளிப்பை விட்டிருக்கவேண்டும். அந்த ஆள் யார் என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார்.

அவருடைய தம்பி அருளைக் கட்டிக்கொண்டு நான் மணப்பாறையிலிருந்து வந்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. முன்பக்கம் அவரும் அவர் மனைவியும், பின்பக்கம் நானும் அருளும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பட்டறை முழுக்கத் தெரியும். அங்கே பேசுகிற ஒவ்வொரு சொல்லும் என் அடுப்பு வரைக்கும் வரும். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவர் மனைவியை அக்கா என்பேன்.

அவருடைய தொழிலைக் குறை சொல்ல என்னால் முடியாது. குலுங்கிக் குலுங்கி, நிற்கப்போகிற மாதிரி ஓடுகிற எஞ்சின் அவர் கையில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் குடிக்கிற டீ கிளாஸை ஓடுகிற எஞ்சின் மேலேயே வைப்பார். டீ தளும்பாமல் மேலே மெல்லிய வளையம் மட்டும் ஓடினால் எஞ்சின் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும். பூசைக்கு முன் மாதா கோயிலில் முழங்காலிட்டிருப்பவர்கள் முகத்தில்கூட அப்படி நான் கண்டதில்லை. கிளாஸை எடுத்துக் குடித்ததும் அது போய்விடும்.

ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். சும்மா நிற்கும்போதே எஞ்சின் இரைந்தது. மூத்தார் கையை வைத்தார், முகத்தைப் பார்த்தார், கேட்டார். வாத்தியார், "நான் எதுவும் தொடலீங்க" என்றார்.

"நீங்க தொடலைன்னா வீட்டுல வேற யாரு?"

வாத்தியார் தயங்கி, மருமகன் போன வாரம் பானெட்டைத் திறந்து ஏதோ பார்த்தார் என்றார். பாவம், மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

"அவரக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

"நீங்களே சரி பண்ணிடலாமே தம்பி. ஒரு ஸ்க்ரூதானே?"

"ஸ்க்ரூ என்னால திருக முடியும் சார். திருகுன கைய யாரு திருத்துறது?"

மறுநாள் மருமகன் வந்தார். ஏதோ ஆபீஸில் பெரிய வேலை, இஸ்திரி போட்ட சட்டை. நாலு லாரிக்காரர்கள், மாமனார், டீ கொண்டுவந்தவர் எல்லாரும் பார்க்க, எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினார் என்று அவரே காட்டவேண்டியதாயிற்று. "யூட்யூப்ல பார்த்தேன்" என்று அவர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். மூத்தார் சிரிக்கவில்லை. அரைச் சுற்றுத் திருகினார். எஞ்சின் அடங்கியது. அவ்வளவுதான் வேலை. அந்த மருமகன் அதற்கப்புறம் மாமனார் வீட்டுப் படி ஏறவில்லை என்று வாத்தியாரின் மகள் ஒருநாள் பட்டறை வாசலில் வந்து அழுதாள். மூத்தார் அவளிடம் பொறுமையாகச் சொன்னார்: "வண்டி இப்ப நல்லா ஓடுதுல்லம்மா?"

இதைச் சொல்லும்போது அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அதைத்தான் கேட்டார்.

என் கணவர் அருள் வேறு மாதிரி. அப்பா அம்மா இல்லாமல் அண்ணன் கையில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே ஒரு விஷயம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அண்ணன் கேட்ட உடனே "நான்தாண்ணே" என்று சொல்லிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். செய்தாரோ இல்லையோ, சொல்லிவிடுவார். ஆள் தெரியாத தப்பெல்லாம் அதனால் அவர் தலையில்தான் விழும். காணாமல் போன ரிங் ஸ்பேனர், திறந்தே கிடந்த கிரீஸ் டப்பா, கசிந்த ரேடியேட்டர். அண்ணன் எல்லார் முன்னாலும் திட்டுவார். அருள் தலையைக் குனிந்து நிற்பார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே தட்டில் முறுக்கைப் போட்டுத் தின்பார்கள்.

"நீங்க செய்யாததுக்கு ஏங்க ஆமான்னு சொல்றீங்க?" என்று நான் கேட்டால், "உனக்குத் தெரியாது. அண்ணனுக்கு அது வேணும்" என்பார். தலைவலிக்காரனுக்குத் தைலம் வேணும் என்கிற மாதிரி சொல்லுவார்.

அந்த பிக்கப் வண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. கல்யாணங்களுக்குத் தளிகை செய்கிற காண்ட்ராக்டர் ஒருவருடையது, பல வருஷமாக இந்தப் பட்டறைக்கே வருவது. பழைய டீசல் வண்டி, பின்னால் அண்டாவும் குண்டானும் ஏற்றி ஏற்றித் தகரமெல்லாம் பள்ளம் விழுந்தது. டீசல் அளவு காட்டுகிற முள் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. டிரைவர் முத்து ஓட்டிவந்தார், காண்ட்ராக்டர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

"ஓடிண்டிருக்கறச்சே ஒண்ணும் இல்லே. சிக்னல்ல நின்னா மூச்சு வாங்கறது. ஏர்றது, இறங்கறது, பட்டுனு நின்னுடறது" என்றார் காண்ட்ராக்டர். "நேத்திக்கு அம்மாமண்டபம் திருப்பத்துல நின்னுடுத்து. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுட்டான்."

மூத்தார் கையை வைத்தார். எஞ்சின் அன்றைக்கு ஒழுங்காக ஓடியது. ஒரு தடவைகூட ஏறி இறங்கவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. முத்துவைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு கை வச்சது?"

"யாரும் இல்லண்ணே. சாமி சத்தியமா."

டீசல் பில்டரை மாற்றச் சொன்னார். அருள்தான் மாற்றினார். வண்டி போயிற்று. சில நாளில் திரும்பி வந்தது. சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற வேகத்தை, ஐடிலிங்கை, கொஞ்சம் கூட்டி வைத்தார். மறுபடி வந்தது. ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு போட்டார். மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் பட்டறைக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாக ஓடும். ஸ்ரீரங்கத்துப் பாலத்தில் போனால் நிற்கும்.

எங்கோ டீசலோடு காற்றும் சேர்ந்து போகிறது என்று மூத்தாருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை. டேங்கிலிருந்து பில்டருக்கு வருகிற வழியில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் ஒன்றை மாட்டினார். காற்று வந்தால் குமிழி தெரியும். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் அந்த ட்யூப்பையே பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

சாப்பிடக் கூப்பிடப் போன அக்காவிடம் தட்டைத் திருப்பி அனுப்பினார். அப்புறம் எழுந்து அருளைக் கூப்பிட்டார். காண்ட்ராக்டரும் முத்துவும் பெஞ்சில் இருந்தார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"பில்டர் வரைக்கும் காத்து இல்ல. அப்ப பில்டர்லதான் புடிக்குது. பில்டர மாத்துனது யாரு?"

"நான்தாண்ணே."

"வாஷர் புதுசு போட்டியா, பழசையே போட்டியா?"

"புதுசு போட்டேண்ணே."

"போடல."

"போட்டேண்ணே."

பட்டறையில் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அருள் அண்ணனுக்கு எதிர்ச்சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. எனக்குக் கையில் கீரை அப்படியே நின்றுவிட்டது. அவர் ஏன் அன்றைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் கேட்டேன். "போட்டேன்ல? என் கையால பிரிச்சுப் போட்டது எனக்குத் தெரியாதா? எத்தனை நாளைக்குத்தான் சொல்றது" என்றார்.

மூத்தார் பில்டரைக் கழற்றினார். வாஷர் புதுசாகத்தான் இருந்தது. அதை விரலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பப் போட்டிருக்க. அன்னிக்குப் போடல."

"இல்லண்ணே."

காண்ட்ராக்டர் குறுக்கே வந்தார். "போறது விடுங்கோ. எப்படியாவது ஓடினா சரி. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் இருக்கு."

"ஸ்வாமி, நீங்க சும்மா இருங்க. என் தம்பி கைதான் இது. அவன் வாயாலேயே சொல்லுவான்."

அருள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. மூத்தார் அவரோடு பேசுவதை நிறுத்தினார். வேலை சொல்லவேண்டும் என்றால் அக்காவிடம் சொல்லுவார், அக்கா அருளிடம் சொல்லுவார். பிக்கப்பைப் பட்டறை நடுவில் நிறுத்தி, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஐடிலிங்கிலேயே ஓடவிட்டார். அந்தச் சத்தம் வீடு முழுக்க இருந்தது. என் காதில் அது இன்னும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் காலை சாவியை அருள் முன்னால் பெஞ்சில் போட்டார்.

"ஸ்வாமியோட அண்டாவெல்லாம் ஏத்திக்க. பாலம் ஏறி இறங்கி வா. நீ போட்டது சரின்னா நிக்காதுல்ல? நீயே ஓட்டிப் பாரு."

அருள் ஓட்டிக்கொண்டு போனார்.

பாலத்தின் இறக்கத்தில் முன்னால் ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. அருள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் நின்றுவிட்டது. அந்த மாதிரி வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம். நின்றுவிட்டால் ஒன்றிரண்டு மிதி வரைக்கும் பிடிக்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பஸ்ஸின் பின்படியில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்களாம். அருள் ஸ்டியரிங்கைக் கைப்பிடிச் சுவர் பக்கம் ஒடித்தார். வண்டி சுவரில் மோதியதில் பின்னாலிருந்த அண்டாக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக முன்னால் வந்து இடித்தன. முன்பக்கத் தகரம் அவருடைய வலது முழங்காலுக்குள் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மூத்தார் எனக்கு முன்னால் வந்திருந்தார். அருளுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மூத்தார் கட்டிலில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன்.

"கால எடுத்ததும் நின்னுச்சா, கிளட்ச் மிதிச்ச பொறவு நின்னுச்சா?"

அருள் உதட்டை அசைத்தார். "எடுத்ததும்ணே."

"ஏறி இறங்குச்சா, ஒரேயடியா நின்னுச்சா?"

"ஒரேயடியா."

மூத்தார் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். என்னைப் பார்க்கவில்லை. அக்கா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார், நான் மூத்தார் பின்னால் போய்விடக்கூடாது என்று.

நசுங்கிய பிக்கப்பைப் பட்டறைக்கு இழுத்துவந்து போட்டார்கள். வேறு எந்த வண்டியையும் அவர் தொடவில்லை. வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். கடைசியில் டேங்கையே இறக்கினார். உள்ளே டீசலை உறிஞ்சுகிற குழாயை வெளியே எடுத்தார். பல வருஷத்துக்கு முன்னால் அது ஒரு தடவை உடைந்திருந்தது. பித்தளை வைத்துப் பற்றவைத்திருந்தது. பற்றவைத்த இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

டேங்கில் டீசல் நிறைய இருந்தால் அந்த விரிசல் உள்ளே முங்கிக் கிடக்கும். ஒன்றும் தெரியாது. டீசல் குறைந்தால் காற்றை இழுக்கும். பட்டறைக்கு வரும்போதெல்லாம் முத்து வழியில் பங்க்கில் நிரப்பிக்கொண்டு வருவார், அதனால் அங்கே ஒரு நாளும் காட்டிக்கொடுக்கவில்லை. நாள் முழுக்க ஐடிலிங்கில் ஓடவிட்டு டேங்கை வற்றவைத்தது மூத்தாரேதான். அந்தக் குழாயை அன்றைக்குப் பற்றவைத்ததும் அவர்தான்.

அவர் அதை மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மறைக்கவில்லை. காண்ட்ராக்டருக்கு போன் பண்ணி வரச்சொன்னார். முத்து வந்தார், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்தார்கள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். எல்லார் முன்னாலும் குழாயைத் தூக்கிக் காட்டி, "இது என் கை" என்றார். வாத்தியாரின் மருமகனிடம் பேசிய அதே குரல். கண்ணில் தண்ணீர் இல்லை. காண்ட்ராக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஏதோ உசிரோட விட்டானே பெருமாள்" என்றார். மூத்தார் முகத்தில் அந்த டீ கிளாஸ் சாந்தம் வந்திருந்தது. எனக்கு அப்போதுதான் அவரிடம் பயம் வந்தது. அதுவரைக்கும் இருந்தது வெறும் கோபம்.

அன்றைக்கே குழாயைப் பனியன் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அருள் கையில் கொடுத்தார். அருள் படுத்தபடியே நகத்தால் அந்த விரிசலைத் தடவிப் பார்த்தார்.

"நான் பத்தவச்ச இடம்" என்றார் மூத்தார்.

"ஆமாண்ணே."

ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். என்ன வார்த்தை என்றுகூட இல்லை, ஏதாவது ஒன்று. அவர் தம்பியின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.

"நீ வாஷர் போடலைன்னு அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா உன்ன ஓட்டச் சொல்லியிருக்க மாட்டேன். இல்ல, இல்லைன்னு நின்னியே, அதனாலதான் அனுப்புனேன்."

அருள் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவிடவில்லை நான்.

"பெரியத்தான், வெளிய போங்க."

"நான் உள்ளதத்தான் சொல்றேன்."

"தெரியும். போங்க."

குழாயை அருள் கையிலிருந்து வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

முழங்கால் மடங்காமலே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் அரியமங்கலத்துக்குத் திரும்பவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீடு பார்த்தோம். காண்ட்ராக்டர் அவருடைய பாத்திரக் கிட்டங்கியில் அருளுக்கு உட்கார்ந்த இடத்து வேலை கொடுத்தார். நான் தையல் எடுத்தேன். மூத்தார் ஒரே ஒரு தடவை வந்தார். படியேறி வந்து, நின்றபடியே தம்பியிடம் கேட்டார்: "எப்ப வர்ற?"

"வரலண்ணே."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லண்ணே. எனக்கே தோணுச்சு."

மூத்தார் அவரைப் பார்க்கவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். வண்டிக்காரர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. நான் மிஷினை நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். படியில் இறங்கிப் போய்விட்டார்.

ஒரு வருஷம் கழித்து அக்கா வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"அவருக்கு உடம்பு முடியலம்மா. நெஞ்சுல அடைக்குதுங்கிறார். படுக்குறதே இல்ல. தம்பியப் பிரிச்சது யாரு, யாருன்னு அதையே கேட்டுட்டிருக்கார். நீதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். ஆனா நீ சொன்னாத்தான் அவருக்கு அடங்கும்." கொஞ்சம் தயங்கினார். "ஒரு வார்த்தை, ஆமா நான்தான்னு வந்து சொல்லிடேன்."

"நான் செய்யலையே அக்கா."

"நான் மட்டும் செஞ்சேனா?" என்றார் அக்கா. முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் கீழே பார்த்துக்கொண்டு பேசினார். "நீ வர்றதுக்கு முன்னாடி. ரெண்டு தடவை எனக்கு வயித்துல தங்கல. ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலேருந்து வந்து படுத்திருக்கேன். என்னத்தத் தூக்குனன்னு கேட்டார். ஒண்ணும் தூக்கலைங்கன்னேன். மறுநாளும் கேட்டார். சாப்பிடல, பட்டறைக்குப் போகல, கட்டில் பக்கத்துலயே உக்காந்து கேட்டார். கடைசியில தண்ணிக் குடம் தூக்கினேன்னு சொன்னேன். நான் குடத்தத் தொடவே இல்ல. சொன்ன பொறவுதான் எழுந்து போய்க் குளிச்சார். அதுக்கப்புறம் அதப் பத்திப் பேசவே இல்ல. எத்தனை வருஷம் ஆச்சு. எனக்கென்ன குறைஞ்சிடுச்சு? சொல்லிடும்மா. ஒரு வார்த்தைதான்."

அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. காப்பி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"மாட்டேன் அக்கா" என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. என்னைப் புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. அப்புறம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று எழுந்தார்.

மூத்தார் அந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவசு காலத்தில் இறந்துபோனார். கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாராம். அருள் தடியை ஊன்றிக்கொண்டு கல்லறைக்குப் போனார், நானும் போனேன். அரியமங்கலத்துப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் வேலையை விட்டு வந்திருந்தார்கள். லாரிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர் கண்டுபிடித்துச் சொன்னது எதுவும் தப்பானதில்லை என்று நம்புகிறவர்கள். நான் கிட்டே போகப் போக, பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். மரியாதைக்கு விட்ட வழி இல்லை அது. "இவதான்" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னாள்.

அக்கா குழியோரம் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

நான் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மூத்தார் பெட்டி மேல் போட்டேன். அருளின் தோளைத் தாங்கிக்கொண்டு அதே வழியாகத் திரும்பி வந்தேன்.